பள்ளத்தில் ஏறிய பந்து

சாஃப்ட்பால் என்று பெயர் வைத்த மனிதரை என்றாவது நேரில் பார்த்தால், அந்தப் பந்தை அவர் கையில் கொடுத்து, இதில் எந்த இடம் மெத்தென்று இருக்கிறது, கொஞ்சம் தொட்டுக் காட்டுங்கள் என்று கேட்பேன். கிரிக்கெட் பந்தைவிடப் பெரிது. மஞ்சள் தோல், சிவப்புத் தையல். கணுக்காலில் பட்டால் மூன்று நாள் நொண்ட வேண்டும். எனக்கு எட்டாம் வகுப்பில் முதல் அடி விழுந்தது. அன்றைக்கே இந்த விளையாட்டை விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். என்னை அடித்தவர்களை நான் அவ்வளவு சுலபத்தில் விடுகிற ஆள் இல்லை.

இதில் பந்து போடுகிறவளைப் பிட்சர் என்பார்கள். கிரிக்கெட்போல் தோளுக்கு மேலிருந்து போடக் கூடாது. கையை ராட்டினம்போல் முழுசாக ஒரு சுற்று சுற்றி, இடுப்பைத் தாண்டும்போது கீழிருந்து விட வேண்டும். மட்டை பிடித்தவள் மூன்று முறை தவறவிட்டால் வெளியே. நான் பிட்சர். வேகமாகப் போடுவேன், நேராகப் போடுவேன். அவ்வளவுதான் என் கையிருப்பு. பன்னிரண்டாம் வகுப்பு வந்தபோது அது போதவில்லை. வேகமாகவும் நேராகவும் வருகிற பந்து, நன்றாக அடிக்கத் தெரிந்தவளுக்கு வெல்லக்கட்டி.

அப்போதுதான் ஃபோனில் ரைஸ் பால் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். முழங்கால் உயரத்தில் புறப்பட்ட பந்து, மட்டைக்குப் பக்கத்தில் வந்ததும் என்னமோ நினைத்துக்கொண்டதுபோல் நெஞ்சுக்கு மேலே எகிறிப் போகும். அடிக்கிறவள் அதற்குக் கீழே காற்றை வெட்டிவிட்டுத் திருதிருவென்று நிற்பாள். அந்த முழிப்புக்காகவே எனக்கு அந்தப் பந்து வேண்டும் என்று இருந்தது. உண்மையில் பந்து ஏறுவதே இல்லை என்பதைப் பிறகுதான் படித்தேன். அது பின்பக்கமாகச் சுழன்றுகொண்டு வந்தால், விழ வேண்டிய அளவுக்கு விழாது. விழும் என்று நம்பி மட்டையைச் சுற்றுகிறவளுக்கு அது ஏறினதுபோல் தெரியும். பள்ளியில் எங்கள் பி.டி. மேடத்திடம் கேட்டபோது, முதலில் ஒழுங்காக இறங்குகிற பந்தைப் போடு, ஏறுகிறதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் பிறகு பார்க்க நேரம் இல்லை. கணக்குப்பதிவியலும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் பேசிக்கொள்ளாத உறவினர்கள் மாதிரி. மதிப்பெண்ணை வைத்து எந்தக் கல்லூரியும் என்னைக் கூப்பிடப்போவதில்லை. மாவட்ட அணியில் பெயர் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் தருகிறோம் என்று சிட்டியில் ஒரு பெண்கள் கல்லூரி சொல்லியிருந்தது. அணியில் பிட்சர்களுக்கு இரண்டு இடம். ஒன்று ஏற்கெனவே போன வருடம் ஆடியவளுக்கு. மிச்சம் ஒன்று.

அது கிடைக்காவிட்டால் என்ன என்பதும் முடிவாகியிருந்தது. அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் செய்கிற கம்பெனியில் செக்கிங் வேலை செய்தாள். எங்கள் வீட்டில் களையெடுக்கப் போகாமல் முதன்முதலில் கம்பெனி பஸ் ஏறியவள் அவள்தான். பெல்ட்டில் போல்ட் வரும். எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பி, அதைச் சுற்றி முறுக்கி ஓடுகிற மரை சுத்தமாக வெட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். சரியாக இருந்தால் அதன் தலையில் பச்சை மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துப் பச்சைத் தட்டில் போடுவாள். இல்லையென்றால் சிவப்புத் தட்டு. பத்தொன்பது வருடமாக அந்த வேலை. அவளுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருந்த அக்கா பிரசவத்துக்குப் போனவர் திரும்பி வரவில்லை. சூப்பர்வைசர், உன் பெண் சும்மாதானே இருக்கப்போகிறாள், பரீட்சை முடிந்ததும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அதில் சம்மதம்தான். அம்மா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“அந்த ஸ்டூல்ல நீ வந்து குந்துனேனு வெய்யி, அப்புறம் என் பக்கத்துல பேச்சு கெடயாது. இன்னா பண்ணுவியோ பண்ணு, ஆனா அங்க வராத.”

அவளுக்கு அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை. போல்ட்டைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் கோபம் வரும். ஆனால் நான் அங்கே உட்காரக் கூடாது. ஏன் என்று கேட்டால் பதில் வராது, கரண்டிதான் வரும்.

ஆகவே அம்மாவே எனக்குக் கேட்சர் ஆனாள். கேட்சர் என்றால், மட்டைக்காரியின் பின்னால் குந்திக்கொண்டு பந்தைப் பிடிக்கிறவள். முதல் ஷிப்ட் முடிந்து மூன்றரைக்கு வந்து, குளித்து, ஒரு டீ குடித்துவிட்டு, ஐந்து மணிக்கு வாசலில் வந்து உட்காருவாள். துணி துவைக்கிற குட்டி முக்காலி, நைட்டி, அதன் மேல் துண்டு, கையில் பள்ளியிலிருந்து நான் கொண்டுவந்த கேட்சர் கிளவுஸ், தலையில் அப்பாவின் ஹெல்மெட். அப்பா போலீஸைக் கண்டால் மட்டும் போடுகிற ஹெல்மெட் என்பதால் புத்தம் புதிதாக இருந்தது. முதல் நாள் எங்கள் தெருவில் ஃபோன் வைத்திருந்த அத்தனை பேரும் அம்மாவைப் படம் எடுத்தார்கள். அம்மா ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கி, எடுத்தது போதுமா என்று கேட்டுவிட்டு மறுபடியும் இறக்கிக்கொண்டாள்.

எங்கள் வீடு பட்டாபிராமில் ஒரு முட்டுச்சந்தின் கடைசியில், தெருவை நேருக்கு நேர் பார்த்தபடி இருக்கிறது. தெருக்குத்து வீடு. வாஸ்து தெரிந்தவர்கள் எல்லாரும் எங்கள் வாசலில் நின்று உச்சுக்கொட்டிவிட்டுத்தான் போவார்கள். அதற்குப் பரிகாரமாகச் சுவரில் ஒரு மாடம் வெட்டி, ஒரு சாண் உயரப் பிள்ளையாரை வைத்திருந்தோம். எனக்கு அந்தத் தெருக்குத்துதான் வசதி. நாற்பத்து மூன்று அடி நேராகக் கிடைக்கும், குறுக்கே வண்டி வராது, அம்மா விட்டதைப் பிள்ளையார் பிடிப்பார்.

எங்கள் தெருவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரோடு போட வருகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டுவதில்லை. அதன் தலையிலேயே புது ரோட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். வீடு கட்டின புதிதில் தெருவிலிருந்து இரண்டு படி ஏறி உள்ளே வந்தோம் என்று அம்மா சொல்வாள். எனக்கு நினைவு தெரிந்தபோது தெருவும் வாசலும் சமம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது இரண்டு படி இறங்கி வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தோம். மழைக்காலத்தில் கேட்டுக்கு முன்னால் செங்கல் வைத்துச் சிமென்ட் பூசி ஒரு வரப்பு கட்டுவோம். எங்கள் பக்கம் எல்லா வீடும் அப்படித்தான் என்பதால் யாரும் அதைப் பள்ளம் என்று சொல்வதில்லை. வாசல் என்றுதான் சொல்வோம்.

நான் தெருவில் நின்று போடுவேன். அம்மா கேட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பாள். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பந்து சில சமயம் ஹெல்மெட்டில் விழும், சில சமயம் வரப்பில் மோதி என்னிடமே திரும்பி வரும். இரண்டாம் வாரம் ஒருநாள் போட்ட பந்து, அம்மா நீட்டின கிளவுஸுக்கு மேலே, ஹெல்மெட்டுக்கும் மேலே பறந்து, பிள்ளையாருக்கு ஒரு விரற்கடை பக்கத்தில் சுவரில் மோதியது. அம்மா முக்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

“ஏறுச்சுடி. இம்மாந்தூரம் ஏறுச்சு.”

அடுத்ததும் ஏறியது. அதற்கு அடுத்ததும். அம்மா ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கிக்கொண்டு துள்ளினாள். பிள்ளையாருக்கு அன்று தேங்காய் உடைத்தோம், அவர் தப்பித்ததற்கும் சேர்த்து. அடுத்த பத்து நாளும் என் பந்து ஏறிக்கொண்டேயிருந்தது. நானும் பள்ளியில் தலையை இரண்டு அங்குலம் உயர்த்தியே நடந்தேன். பி.டி. மேடத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. மாவட்ட அணித் தேர்வு அன்று அவர் முகம் எப்படி மாறும் என்று பார்க்க ஆசை.

மாறியது. முதல் சுற்றுத் தேர்வு ஆவடியில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. ஒவ்வொரு பிட்சரும் நாலு பேருக்குப் பந்து போட வேண்டும். நாலாவதாக வந்தவள் நசரத்பேட்டைக்காரி. ஆறடிக்குப் பக்கத்தில் உயரம், மட்டையைப் பிடித்து நிற்கும்போது பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல் ஒரு அலட்சியம். எனக்கு அந்த அலட்சியத்தைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. இரு, உன்னைக் காற்றை வெட்டவைக்கிறேன் என்று, ரைஸ் பாலைப் போட்டேன்.

பந்து எங்கேயும் ஏறவில்லை. யாரோ கம்பி கட்டி இழுத்ததுபோல் நேராக, அவள் நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றது. அவள் அடித்த அடியில் அது மதில் சுவரைத் தாண்டி ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோவின் மேல் விழுந்த சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. இன்னொன்று போட்டேன். அதையும் அனுப்பிவைத்தாள். ஷேர் ஆட்டோக்காரர் உள்ளே வந்து யார் போட்டது என்று கேட்டார். அடித்தது யார் என்று கேட்காமல் போட்டது யார் என்று கேட்டதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தேர்வு செய்ய வந்திருந்த மேடம், தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே, வேகம் இருக்கிறது, மூன்று வாரம் கழித்து இறுதிச் சுற்றுக்கு வா, அதற்குள் வேறு ஏதாவது கற்றுக்கொண்டு வா என்றார். வேறு ஏதாவது என்று அவர் சொன்னதைத்தான் நான் ஒரு மாதமாகக் கற்றுக்கொண்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாமேல் பாய்ந்தேன். பையைத் தூக்கி எறிந்தேன், ஹெல்மெட்டை உதைத்தேன், என் கால்விரல்தான் வீங்கியது. அம்மா துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நீதானே ஏறுது ஏறுதுனு சொல்லிகினு இருந்த. எனக்காகப் பொய்தானே சொன்ன?”

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். “நான் எதுக்குடி பொய் சொல்லப்போறேன்? என் கண்ணால பார்த்தேன், என் தலைக்கு மேல போச்சு.”

“போல்ட்டுதான் உனக்குப் பார்க்கத் தெரியும். பந்து பார்க்கத் தெரியாதுனு சொல்லியிருக்கலாம் இல்ல.”

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன உடனேயே தெரிந்தது. அம்மா திட்டியிருந்தால் பரவாயில்லை, அவள் முகம் சின்னதாகிவிட்டது. எழுந்து வாசலுக்குப் போனாள். முக்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள். பிறகு முக்காலியைத் தூக்கிக்கொண்டு இரண்டு படி ஏறி, ரோட்டில் போட்டு உட்கார்ந்து அதே தெருவை மறுபடியும் பார்த்தாள். கீழே வந்தாள். மறுபடியும் மேலே போனாள். மூன்றாவது முறை மேலே உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டாள். குரலில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

“பந்து ஏறலடி. நம்ம ஊடுதான் பள்ளத்துல கீது.”

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் அழுகை வந்தது, அழுதுகொண்டே சிரிப்பும் வந்தது. நான் போட்டது நேரான பந்துதான். இரண்டு படி பள்ளத்தில் குந்திக்கொண்டிருந்தவளுக்கு நேரான பந்து எல்லாம் வானத்துக்குத்தான் போகும். ரோடு போட்டவர்கள் ஒரு லோடு தாரில் என்னைப் பெரிய ஆட்டக்காரி ஆக்கியிருந்தார்கள். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லாததால், மீதிப் பருப்பில் கல் பொறுக்கிக் கொடுத்தேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு அம்மா வாசலுக்கு வரவில்லை, ரோட்டுக்கு வந்தாள். கூடவே ஒரு சிவப்பு பக்கெட், ஒரு பச்சை பேசின். முக்காலிக்கு இடமும் வலமுமாக வைத்தாள். என்னிடம் இருந்த இரண்டு பந்தையும் வாங்கி, நகப்பாலிஷால் நடுவில் சுற்றிலும் ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள். இனி அவள் என் அம்மா இல்லையாம், செக்கிங்காம். சரியான பந்து வந்தால் பச்சை பேசின், இல்லையென்றால் சிவப்பு பக்கெட். சரியான பந்து வந்த அன்றைக்குக் கம்பெனி மார்க்கரால் பச்சைப் புள்ளி வைப்பாளாம். அதுவரைக்கும் ஏறுது, இறங்குது என்ற பேச்சே கிடையாது.

முதல் பந்து போட்டேன். பிடித்தாள், பக்கெட்டில் போட்டாள்.

“இன்னாம்மா, பார்க்கக்கூட இல்ல?”

“பார்த்துட்டேன். கோடு கோடாவே வரணும். இது போல்ட்டு மரையாட்டம் முறுக்கிகினு வருது. ரிஜெக்ட்டு.”

நான் வீடியோக்களை மறுபடியும் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. பின்பக்கமாக உருள வேண்டிய பந்தை, நான் திருகாணி திருகுவதுபோல் பக்கவாட்டில் முறுக்கிவிட்டுக்கொண்டிருந்தேன். அப்படிச் சுழலும் பந்து எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் சரி, ஏறுகிற எண்ணமே அதற்கு வராது. வீடியோவில் ஆயிரம் முறை பார்த்து எனக்குத் தெரியாத குற்றம், ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் மரை பார்க்கிறவளுக்கு முதல் பந்திலேயே தெரிந்துவிட்டது. போல்ட்டுதான் உனக்குப் பார்க்கத் தெரியும் என்று நான் சொன்னது உண்மைதான். நான் அதைத் திட்டாகச் சொன்னேன், அவ்வளவுதான் தப்பு.

கோளாறு என் மணிக்கட்டில் இருந்தது. பந்தின் முதுகில் கையை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். கை அதன் அடியில் போக வேண்டும். ஊறுகாய் பாட்டிலின் இறுகிப்போன மூடியைத் திறக்கிற மாதிரி, கடைசி நொடியில் அடியிலிருந்து திருப்பிவிட வேண்டும். உடம்பு கொஞ்சம் பின்னால் சாய வேண்டும். நானோ கோபக்காரி, முன்னால் பாய்ந்துதான் பழக்கம். வீட்டில் இருந்த எல்லா மூடிகளையும் திறந்து மூடிப் பழகினேன். ஹார்லிக்ஸ், மஞ்சள்தூள், அப்பாவின் தலைக்குத் தடவுகிற எண்ணெய். அந்த மாதம் எங்கள் வீட்டில் யாரும் எந்த மூடியையும் கஷ்டப்பட்டுத் திறக்கவில்லை.

அம்மா மட்டும் இளகவில்லை. ரிஜெக்ட்டு, ரிஜெக்ட்டு, ரிஜெக்ட்டு. பந்து இரண்டுதான் என்பதால் இரண்டு பந்துக்கு ஒருமுறை நான் நாற்பத்து மூன்று அடி நடந்து போய்ச் சிவப்பு பக்கெட்டிலிருந்து அவற்றை எடுத்து வர வேண்டும். பத்து நாளுக்குப் பிறகு கோடு கொஞ்சம் நிமிர ஆரம்பித்தது. இப்போதாவது ஒரு புள்ளி வை என்று கெஞ்சினேன். அரை மரை சரியா இருந்தா வண்டியில மாட்ட முடியுமா என்று கேட்டாள். எதிர் வீட்டுக்காரர்கள்கூட எனக்காகச் சிபாரிசு செய்தார்கள். கடைசி வாரத்தில் பச்சை பேசின் இருந்தும் பிரயோஜனம் இல்லை என்று அதில் துணி ஊறவைத்துவிட்டாள்.

எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. தேர்வுக்கு நாலு நாள். அந்த ஸ்டூல் இன்னும் காலியாகத்தான் இருந்தது. சூப்பர்வைசர் மறுபடியும் கேட்டாராம், அம்மா சாப்பிடும்போது சொன்னாள். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாளாம். தேர்வு சனிக்கிழமை.

சனிக்கிழமைக்கு அம்மா லீவு போட்டாள். காய்ச்சலில்கூட லீவு போடாதவள். காரணம் கேட்டதற்கு, என் பெண்ணுக்கு இன்றைக்குச் செக்கிங் என்று எழுதிக்கொடுத்தாளாம். நல்ல புடவை கட்டிக்கொண்டு, மைதானத்தில் மட்டைக்காரிக்குப் பின்னால் இருந்த கம்பிவலையை ஒட்டி, நாற்காலி போட்டும் உட்காராமல், வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது பிட்சருக்கு நேர் எதிர். பந்து தன்னைப் பார்த்து வருவதுபோல் தெரிகிற இடம்.

மூன்று பேரை எப்படியோ சமாளித்தேன். ஒருத்தி அடித்தாள், இரண்டு பேர் வெளியே. நாலாவது மறுபடியும் நசரத்பேட்டைக்காரி. மைதானத்துக்கு வெளியே நின்றிருந்த ஷேர் ஆட்டோக்கள் எல்லாம் நகர்ந்துபோய்விட்டதாக எனக்குத் தோன்றியது. தேர்வு மேடம் பேனாவை மூடாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். இவளை வெளியே அனுப்பினால் இடம், இல்லையென்றால் ஸ்டூல். அது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

முதல் பந்து, முழங்கால் உயரத்தில் நேராக, வேகமாக. அவள் பார்த்துக்கொண்டே விட்டுவிட்டாள். அடிக்கிற உயரத்தில் வந்ததை விட்டால் அதுவே ஒரு தவறுதல். ஒன்று. இரண்டாவது, அதே உயரத்தில் புறப்பட்ட ரைஸ் பால். கையை விட்டு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு சுலபமாகப் போனது. அவள் மட்டையை அசைக்கவே இல்லை. கழுத்துக்கு மேலே போனதால் அம்பயர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது, மறுபடியும் கீழே. சுற்றினாள், மட்டையின் ஓரத்தில் பட்டு வெளியே தெறித்தது. அதுவும் தவறியதாகத்தான் கணக்கு. இரண்டு ஆயிற்று.

நாலாவது பந்துக்கு முன்னால் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன். மறுபடியும் ரைஸ் பால் என்று முடிவு செய்து கையைச் சுற்றினேன். அவசரத்தில் முன்னால் பாய்ந்துவிட்டேன். பந்து நெஞ்சுயரத்தில் நேராகப் போனது. போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். மட்டையின் சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது கேட்சர் கிளவுஸில் பந்து இருந்தது. நசரத்பேட்டைக்காரி பந்துக்கு மேலே காற்றை வெட்டிவிட்டு, நான் இரண்டு மாதமாகக் கனவு கண்ட அதே முழிப்பை முழித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பள்ளிப் பெண்கள் கத்தினார்கள். தேர்வு மேடம் எழுதுவதைப் பார்த்தேன். அரை மணி நேரம் கழித்துப் பெயர்களை வாசித்தார்கள். என் பெயரும் இருந்தது, அவள் பெயரும் இருந்தது. பி.டி. மேடம் என் முதுகில் ஒன்று வைத்தார். அது பாராட்டு என்று புரிய வலி ஆற வேண்டியிருந்தது.

கிளம்பும்போது நசரத்பேட்டைக்காரி தண்ணீர் பாட்டிலோடு என்னிடம் வந்தாள். பக்கத்தில் பார்த்தால் அலட்சியம் எல்லாம் இல்லை, தூக்கக் கலக்கம் மாதிரி ஒரு முகம், அவ்வளவுதான். கடைசிப் பந்து ஏறும் என்று நினைத்து மேலே சுற்றிவிட்டாளாம். ஏன் ஏறும் என்று நினைத்தாய் என்று கேட்டேன். ரெண்டாவது ஏறுச்சே, அதான் என்று சொல்லிவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆவடி ஸ்டேஷனில் ரயிலுக்கு உட்கார்ந்திருந்தோம். சமோசா வாங்கிச் சாப்பிட்டோம். அப்பாவுக்கு ஃபோன் செய்தாயிற்று. சூப்பர்வைசருக்கும் அம்மா அங்கேயே ஃபோன் செய்து, ஸ்டூலுக்கு வேறு ஆளைப் பாருங்கள் சார் என்று சொல்லிவிட்டாள், திங்கட்கிழமைவரை பொறுக்க முடியவில்லை. நான் கடைசிப் பந்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அவள் முழித்தது, எல்லாரும் கத்தினது. அம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். சமோசாவின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் யோசித்தவள்போல் சொன்னாள்.

“சந்தோஷமா கீற நேரத்துல சொல்லக் கூடாது. ஆனா அந்தக் கடைசிப் பந்து ரிஜெக்ட்டு.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது உண்மை என்று என் கைக்குத் தெரியும். ரயில் வருகிற அறிவிப்பு சொன்னார்கள். அம்மா கைப்பையைத் திறந்து துழாவினாள், சாவி, டிபன் பாக்ஸ் மூடி, பஸ் பாஸ், கடைசியாகப் பச்சை மார்க்கர்.

“அந்த ரெண்டாவது. அவ அடிக்காம வுட்டாளே, அது. வலைக்குப் பின்னால நின்னுகினு தையலயேதான் பார்த்துகினு இருந்தேன். ஒரு முறுக்கு இல்ல. அது ஓகே.”

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்த மைதானத்தில் யாரும் ஒரு வார்த்தை சொல்லாத பந்து. கணக்கில்கூட வராத பந்து. அடிக்கிறவள் ஒருத்தியும் அம்மாவும் தவிர அதை யாரும் பார்க்கவில்லை. புள்ளி வைக்க அந்தப் பந்து இங்கே இல்லையே, அது அவர்களுடைய பந்து என்றேன்.

“பந்து அவங்களுது. கை நம்முளுது இல்ல?”

என் வலது கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மணிக்கட்டை வெளிச்சத்துக்குத் திருப்பி, இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு நரம்பு ஓடுகிற இடத்தில் பச்சையாக ஒரு புள்ளி வைத்தாள். ரயில் வந்தது, ஏறினோம், உட்கார இடம் கிடைக்கவில்லை. அது கம்பெனி மார்க்கர், எண்ணெயிலும் அழியாது. ஆறு நாள் இருந்தது. நான் தேய்க்கவும் இல்லை.